தின்னுட்டு எங்க போகும்?

அறிவியல் கண்காட்சிக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒட்டியிருந்த சார்ட்டில் கொட்டை எழுத்தில் தலைப்பு: ‘குரோமியத்தைத் தின்னும் பாக்டீரியா’. வாயும் பல்லும் வைத்து ஒரு கிருமியின் படம் வேறு. பார்த்துச் சரியென்று கையெழுத்துப் போட்டது நான்தான். வேடிக்கை பார்க்க வந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: “தின்னுட்டு அது எங்க மிஸ் போகும்?”

இருபது வருஷமாக வேதியியல் நடத்துகிறேன். வாய் திறக்க முடியவில்லை. எண்ணெயைக் கிருமி தின்றால் கரியமில வாயுவும் தண்ணீருமாகப் போய்விடும். குரோமியம் தனிமம். தனிமத்தை எந்தக் கிருமியாலும் செரித்து இல்லாமல் ஆக்க முடியாது. அப்படியென்றால் ‘தின்னும்’ என்று முதலில் சொன்னது யார்? அன்று சாயங்காலமே தேட உட்கார்ந்தேன்.

எங்கள் வாலாஜா பக்கத்துக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. ராணிப்பேட்டையில் 1970களில் தொடங்கி 1990களின் நடுவில் மூடிய ஒரு குரோமேட் ஆலையின் கழிவு, இரண்டு லட்சம் டன்னுக்கு மேல், குவியலாகக் கிடந்தது. குரோமியத் தாதுவைச் சோடாச் சாம்பலோடு சூளையில் வறுத்து, சோடியம் குரோமேட் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை அது. மழை பெய்தால் அதிலிருந்து ஊறும் நீர் எலுமிச்சை மஞ்சளாக ஓடும். அந்த மஞ்சள்தான் ஆறு இணைதிறன் குரோமியம். தண்ணீரில் கரையும், மண்ணுக்குள் பயணம் போகும், புற்றுநோய் தரும். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கே லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் அனுமதி. இதே உலோகம் மூன்று இணைதிறனுக்கு இறங்கிவிட்டால் கரையாத பச்சைப் படிவாகி, கிடந்த இடத்திலேயே கிடக்கும். நஞ்சும் வெகுவாகக் குறைவு.

சார்ட்டில் பிள்ளைகள் எழுதியிருந்ததற்கு மூலம் சுலபமாகவே கிடைத்தது. சென்னை ஐஐடியில் ஜெயசிங், லிஜி பிலிப் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் கிருமியை எந்த வெளிநாட்டிலிருந்தும் வரவழைக்கவில்லை. அந்த ராணிப்பேட்டை வளாகத்து மண்ணிலேயே, நஞ்சுக்கு நடுவில் பிழைத்துக் கிடந்தவற்றைப் பிரித்தெடுத்துப் பெருக்கியிருக்கிறார்கள். ஒரு கிராம் மண்ணுக்கு 5.6 மில்லிகிராம் ஆறு இணைதிறன் குரோமியம் இருந்த மண்ணில், ஆய்வகத்தில் இருபதே நாளில் அத்தனையும் மூன்றாக மாறிவிட்டது. கூடச் சேர்த்த பண்டத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன்: மொலாசஸ். சர்க்கரை ஆலையிலிருந்து சாராய ஆலைக்கு லாரியில் போகிற அதே கறுப்புப் பாகு.

தின்பது பாகைத்தான். அப்போ குரோமியத்தை?

அதற்கு 1977க்குப் போக வேண்டியிருந்தது. சோவியத் ஆய்வாளர்கள் ரொமானென்கோவும் கொரென்கோவும், காற்றில்லாத இடத்தில் குரோமேட்டை வைத்தே வளரும் ஒரு பாக்டீரியாவை அந்த ஆண்டு விவரித்தார்கள். நாம் சோற்றைத் தின்று, அதிலிருந்து கழலும் எலக்ட்ரானை மூச்சில் வரும் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிறோம். அந்தக் கிருமி ஆக்சிஜனுக்குப் பதில் குரோமேட்டிடம் ஒப்படைக்கிறது. எலக்ட்ரானை வாங்கிக்கொண்ட ஆறு, மூன்றாகிறது. அதாவது தீனி இல்லை, மூச்சு. எல்லாக் கிருமியும் மூச்சுக்காகச் செய்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குரோமேட் வடிவில் சல்பேட் மாதிரி இருப்பதால் செல்லுக்குள் சல்பேட்டின் வாசல் வழியாகவே நுழைந்துவிடும். உள்ளே வந்த நஞ்சை அடக்குவதற்கென்றே மாற்றுகிறவையும் உண்டு. எப்படியானாலும் எலக்ட்ரான் கொடுக்க ஏதாவது வேண்டும். பாகு, சாணி, மட்கிய இலை என்று கிருமி தின்னக்கூடிய கார்பன் பொருள் எதுவும் ஆகும். மட்கு வெறும் சாப்பாடு மட்டுமில்லை என்று 1996இல் டெரெக் லவ்லியின் குழு காட்டியது. மட்கிலுள்ள ஹியூமிக் பொருள்கள் கிருமியிடம் எலக்ட்ரானை வாங்கி இன்னொன்றிடம் கொடுத்துவிட்டு மறுபடி வாங்க வருகின்றன. சந்தைத் தரகர் மாதிரி, கையில் எதுவும் தங்காது.

இவ்வளவோடு நின்றிருப்பேன். மேல்விஷாரத்தில் எங்கள் வீட்டுக்குப் பழக்கமான பாய் ஒருவர் இருக்கிறார், தோல்ஷாப்பில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். பேச்சுவாக்கில் மொலாசஸ் கதையைச் சொன்னேன்.

“இதுக்கா ஐஐடி? நாங்க அந்தக் காலத்துலயே வெல்லம் போட்டுப் பச்சையாக்குவோமேம்மா.”

மூட்டையில் பச்சைப் பவுடர் வருவதற்கு முன்னால், தோல் பதனிடுவதற்கான குரோம் நீரைத் தோல்ஷாப்பிலேயே காய்ச்சினார்களாம். தொட்டியில் ஆரஞ்சு நிற பைக்ரோமேட்டைக் கரைத்து, ஆசிட் விட்டு, மொலாசஸையோ வெல்லக் கரைசலையோ கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். அவசரப்பட்டு ஊற்றினால் பொங்கி வழியும். “பாகு தீயற வாசனை அடிக்கும். ஆரஞ்சு போய் சேறு மாதிரி ஆவும். அப்புறம் பாசிப் பச்சை. பச்சை வந்தாத்தான் தோல் பிடிக்கும்.” பேசிக்கொண்டே வலது கையைத் திருப்பிக் காட்டினார். விரல் கணுவுக்கு மேல் பயறளவு குழித் தழும்பு. குரோம் புண்.

ஆக, சர்க்கரையைக் கொண்டு ஆறை மூன்றாக்கும் வித்தை, கிருமி ஆய்வுக்கு வெகு முன்பே தோல் தொழிலுக்குள் இருந்திருக்கிறது. தொட்டியில் ஆசிட் செய்த வேலையை மண்ணில் கிருமி செய்கிறது, ஆசிட்டும் சூடும் இல்லாமல். அந்த விஷத்தைப் புழங்கிய தொழிலின் கைப்பக்குவத்திலேயே மாற்றும் இருந்தது என்பதை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் நான் படிக்கவில்லை. பாய் சொல்லித்தான் தெரிந்தது.

பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று பள்ளி லேபில் கையுறை மாட்டிக்கொண்டு மூன்று புட்டி வைத்தேன். மூன்றிலும் நீர்த்த குரோமேட் மஞ்சள். முதலாவதில் வேறொன்றும் இல்லை. இரண்டாவதில் வாணலியில் வறுத்த ஏரி மண்ணும் வெல்லமும். மூன்றாவதில் அன்று காலை அள்ளிய ஏரி வண்டலும் அதே அளவு வெல்லமும். நான்காம் நாள் மூன்றாவதன் மஞ்சள் வெளிறியது. ஆறாம் நாள் மண் நிறம்தான் மிச்சம். வறுத்த மண் புட்டி அப்படியே இருக்கும் என்று வகுப்பில் சவடால் விட்டிருந்தேன். பதினோராம் நாள் அதுவும் மங்கத் தொடங்கிவிட்டது! மூடியை நான் அடிக்கடி திறந்து பார்த்ததில் காற்றுக் கிருமி குடியேறியிருக்க வேண்டும். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மண்ணை வறுப்பது போல, காயவைப்பதிலும் ஒரு சங்கதி உண்டு. மூன்றாக இறங்கிய குரோமியம் மண்ணில் மறுபடி ஆறாக ஏறாது என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள். 1979இல் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பார்ட்லெட், ஜேம்ஸ் இருவரும் வயலிலிருந்து எடுத்த ஈர மண்ணில் மூன்று இணைதிறன் குரோமியத்தைக் கலந்தபோது அது ஆறாக ஏறியது. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு செய்த வேலை. மற்றவர்கள் கண்ணில் அது படாததற்குக் காரணம், அவர்கள் மண்ணைக் காயவைத்துச் சலித்து டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். காய்ந்த மண்ணில் அந்தக் குணம் மங்கிவிடுகிறது. லேபுக்கு வசதியான மண் லேபுக்கு வசதியான பதிலைச் சொல்லியிருக்கிறது.

எனவே ஒருமுறை பாகு ஊற்றிவிட்டுக் கைகழுவ முடியாது. மண்ணில் மட்கு இருக்கும்வரை தராசு மூன்றின் பக்கம் சாய்ந்திருக்கும். மட்கு தீர்ந்து, காற்றோட்டமும் மாங்கனீசும் மேலோங்கினால் கொஞ்சம் திரும்பி ஏறலாம். அந்தக் குவியலைப் பற்றி யார் திட்டம் போட்டாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: பத்தாம் வருஷம் மட்கு போடுவது யார்?

கண்காட்சி முடிந்து சார்ட்டைக் கழற்றும்போது ‘தின்னும்’ என்பதை அடித்துவிட்டு ‘மாற்றும்’ என்று எழுதச் சொன்னேன். கிருமியின் பல்லை அழிக்க மறுத்துவிட்டார்கள். ஆறாம் வகுப்புச் சிறுமியையும் கூப்பிட்டுத் தெளிந்துபோன புட்டியைக் காட்டினேன். அவள் அடியில் படிந்த சேற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இதுக்குள்ளதான் இருக்கா மிஸ்?”

“ஆமா.”

“அப்போ இதை எங்க மிஸ் ஊத்தறது?”

சிங்க்கில் ஊற்றவில்லை. லேபின் பூட்டு போட்ட அலமாரியில், மேல்தட்டில், மூன்று புட்டியும் இன்னும் இருக்கின்றன. மேலே ஒட்டிய துண்டுச் சீட்டில் அவள் கையெழுத்து: ‘காலி இல்லை’.