தகரச் சுவரும் திருகாணியும்

ஒடிசாவின் ஜட்னியில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்குச் செங்கல் சுவர் வீட்டின் முன்பகுதி வரையில்தான். பின்புறத்துச் சமையற்கட்டும் குளிக்கும் அறையும் இரும்புச் சட்டத்தில் தகரம் அடைத்தவையே. ரயில்வே குமாஸ்தாவின் சம்பளத்துக்கு அதுவே இசையும். தகடு வாங்குகையில் அதன் கனத்தையும் வர்ணத்தையும் விசாரிப்போர் பலர். அதைப் பிடித்து நிறுத்தும் திருகாணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்போர் மிகச் சிலர்.

2019-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி ஃபானி புயல் பூரிக்கு அருகே கரையேறிற்று. அப்போது காற்றின் வேகம் மணிக்கு 175 முதல் 185 கிலோமீட்டர். மறுநாள் காலை நாம் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தோம். ஒரு வீட்டில் தகடு போய்விட்டது. திருகாணிகள் மட்டும் சட்டத்தில் வரிசையாக நின்றன. வேறொரு வீட்டில் தகடும் திருகாணியும் சேர்ந்தே போயிருந்தன. பார்வைக்கு இரண்டும் ஒரே சேதம்; நோயோ வெவ்வேறு. முதல் வீட்டில் திருகாணி சட்டத்தை நன்றாகவே பற்றியிருந்தது. மெல்லிய தகடுதான் அதன் தலையைச் சுற்றிக் கிழிந்து கழன்றது. திருகாணிகள் எண்ணிக்கையில் குறைவு, வாஷரும் சிறிது. இரண்டாவது வீட்டிலோ துளை பெரிதாகிவிட்டபடியால் மரை இரும்பைப் பற்றவே இல்லை.

காற்று சுவரைத் தள்ளும் என்றுதான் பொதுவாக எண்ணுகிறார்கள். தள்ளினால் தகடு சட்டத்தின்மீது சாய்ந்துகொள்ளும், பெரிய ஆபத்தில்லை. ஆனால் எதிர்முகத்தில் மோதிய காற்று மூலையைச் சுற்றிப் பாயும்போது பக்கச் சுவரின் வெளிப்புறத்தில் அழுத்தம் குறைந்து, தகட்டை வெளியே உறிஞ்சுகிறது. இந்த இழுப்பு மூலைகளிலும் ஓரங்களிலும் மிகக் கடுமை. ஒரு மூலை அவிழ்ந்தால் மற்றவை ஒவ்வொன்றாக அவிழும். அவிழ்ந்த தகடு பிறகு தெருவில் பறக்கும் கத்திதான்.

ஆதலின் நம் வீட்டுச் சுவரைத் திரும்ப அடைத்தபோது, ஓரங்களில் நெருக்கமாகத் திருகாணி இடுமாறு சொன்னோம். "பாபு, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைத்தால் அழகாக இருக்குமே!" என்றார் மிஸ்திரி. அழகு நடுவில் இருக்கட்டும் என்றோம்.

முனையிலேயே துளையிடும் அலகு கொண்ட திருகாணி இரும்புச் சட்டத்துக்கு உகந்தது. சாதாரணத் திருகாணியாயின் துளை அதன் பருமனைவிடச் சற்றுச் சிறிதாயிருத்தல் வேண்டும். சட்டத்தின் மறுபுறம் மூன்று மரையாவது தெரிய வேண்டும். சுவரில், தகட்டின் மடிப்பு சட்டத்தைத் தொடும் பள்ளத்திலே திருகுவது முறை. மேட்டில் திருகினால் கீழே வெற்றிடம், தகடு நசுங்கும். கூரையில் மேட்டில் இடும் பழைய வழக்கம், மழைநீர் பள்ளத்தில் ஓடுவதனால் ஏற்பட்டது.

எல்லாவற்றினும் நுட்பமானது இறுக்கும் அளவு. தலைக்கடியிலுள்ள ரப்பர் வாஷர், உலோக வில்லையின் விளிம்புக்கு வெளியே இலேசாகப் பிதுங்கினால் போதும். பிதுங்காவிட்டால் நீர் கசியும். பிதுங்கி விரிந்து கிழிந்தால் அப்போதும் கசியும். மெஷினை முழு வேகத்தில் விட்டு நசுக்குவதைச் சிலர் திறமை என்று கருதுகின்றனர்! திருகாணி சாய்ந்து இறங்கினாலும் வாஷர் ஒரு பக்கம் வாய் பிளக்கும். துளையிடும்போது சிதறும் இரும்புத் தூளை அன்று மாலையே துடைத்தெடுக்க வேண்டும். இல்லாவிடில் அது துருப்பிடித்துத் தகட்டிலும் கறை படியும்.

வெயிலும் சும்மா இராது. 3 மீட்டர் இரும்புத் தகடு 40 டிகிரி சூடேறினால் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் நீளும்; அலுமினியமாயின் ஏறக்குறைய இரட்டிப்பு. தினமும் இவ்விதம் நீண்டு சுருங்குவதால் துளைகள் தளரும். எனவே சித்திரைக்கு முன்பும் ஐப்பசிக்கு முன்பும், முதலில் மூலைகளையும் பின்னர் ஓரங்களையும் கையால் அசைத்துப் பார்க்கிறோம். தளர்ந்த துளையில் அதே திருகாணியைத் திரும்ப முடுக்குவது வீண். சற்றுப் பருமனானதை இடலாம், அல்லது பக்கத்தில் புதிதாக ஒன்றை இட்டுப் பழைய துளையை அடைத்துவிடலாம்.