செக் நாட்டில் ‘நோ’ என்றால் ஆம்

பிராக் நகரில் காலடி வைத்த இரண்டு மணி நேரத்துக்குள் நான் குற்றவாளி ஆனேன். 2019 செப்டம்பர். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருந்தது. மெட்ரோவிலிருந்து வெளியே வரும்போது சாதாரண உடையில் இருந்த ஒருவர் வழிமறித்து, உள்ளங்கையில் இருந்த உலோக வில்லையைக் காட்டினார். டிக்கெட்டை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அதில் முத்திரை இல்லை. நுழைவாயிலில் உள்ள சிறிய பெட்டியில் டிக்கெட்டைச் செருகி, தேதியையும் நேரத்தையும் பதித்துக்கொள்ள வேண்டுமாம். அதுவரை அது வெறும் காகிதம். அபராதம் கட்டினேன். அத்தனை பேர் கடந்து போகையில் என் தோல் நிறம்தான் அவர் கண்ணில் பட்டது என்று மனம் குமுறியது. அன்றிரவு குறிப்பேட்டில் ஒரே வரி எழுதினேன்: இங்கே யாரும் சிரிப்பதில்லை.

கோபம் தணிந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. 1974-ல் தொடங்கிய பிராக் மெட்ரோவில், சென்னை, டெல்லி மெட்ரோக்களில் இருப்பது போன்ற தடுப்புக் கதவுகள் இல்லை. உள்ளே போகும் யாரையும் எதுவும் தடுப்பதில்லை. நேர்மையை உங்கள் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். எனவே காகித டிக்கெட் என்றால் முத்திரை குத்துங்கள். செல்போன் டிக்கெட் என்றால் ஏறும் முன்பே அதை இயக்கி வையுங்கள். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இதுதான்: செக் நாட்டில் விதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது பாடம் வணக்கம். சிறிய கடைக்குள் நுழைந்தால் ‘தோப்ரீ தென்’ என்று சொல்லிவிட்டுத்தான் பொருளைப் பார்க்க வேண்டும். புறப்படும்போது ‘நஸ்க்லெதனோ’. மருத்துவமனையில் காத்திருப்போர் அறையில்கூட உள்ளே வருபவர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்கிறார். சொல்லாமல் நுழைந்த நான்தான் அவர்கள் கண்ணுக்கு மரியாதை தெரியாதவன். டிராமில் உரக்கப் பேசக் கூடாது. ஆனால் ஒரு முதியவர் ஏறினால் இளைஞர்கள் சட்டென்று எழுந்து இடம் கொடுக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசாமல். இன்னொன்று: பேச்சுவழக்கில் அவர்கள் ‘நோ’ என்று இழுத்தால் ‘ஆமாம்’ என்று பொருள். முதல் இரண்டு நாள் எனக்குக் கிடைத்த சம்மதங்களை எல்லாம் மறுப்பு என்று எண்ணித் திரும்பியிருக்கிறேன்.

பணம் பற்றி. செக் குடியரசு 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தும் யூரோவை ஏற்கவில்லை, நாணயம் கொரூனா. தெருவில் நின்று மாற்றித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள், செல்லாத வேற்று நாட்டு நோட்டு கைக்கு வரும். மாற்றும் கடையில் ஏமாந்துவிட்டால், 2019-ல் வந்த சட்டப்படி மூன்று மணி நேரத்துக்குள் ரசீதைக் காட்டிப் பரிவர்த்தனையை ரத்து செய்யலாம். சைவர்கள் உணவுப் பட்டியலில் ‘பெஸ்மசா’ என்ற தலைப்பைத் தேடுங்கள்; இறைச்சி இல்லாதவை அதன் கீழ் இருக்கும். பெரும்பாலும் பொரித்த பாலாடைக்கட்டி உங்களைக் காப்பாற்றும். பீர் விடுதியில் கோப்பை காலியானதும் கேட்காமலே அடுத்தது வந்துவிடலாம். போதும் என்றால் கோப்பையின் மேல் அட்டையை வைத்துவிடுங்கள்.

நண்பர் ஒருவர் மூலம் அறிமுகமான ஓய்வுபெற்ற நூலகர் ஒருநாள் வீட்டுக்கு அழைத்தார். எழுபதை நெருங்கும் அம்மையார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினேன். அவர் முகம் மலர்ந்தது. அங்கும் அதுதான் வழக்கம். விருந்தினருக்கென்று வீட்டுச் செருப்பு தயாராக வைத்திருந்தார். நான் தமிழ் முதுகலை படித்தவன் என்றதும் கமில் சுவலபில் பற்றிப் பேச்சு வந்தது. பிராகில் பிறந்து, தமிழ் இலக்கியத்துக்கு வாழ்நாளைக் கொடுத்த அந்த அறிஞர், 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நுழைந்தபின் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. போனவர்கள் ஒரு வகை, தங்கியவர்கள் ஒரு வகை என்றார் அம்மையார். தங்கியவர்கள் 1989 நவம்பர் வரை, யார் காதில் எது விழும் என்று அளந்து பேசினார்கள். சிரிப்பு வீட்டுக்குள், சொல் நண்பர்களுக்குள். “அந்தப் பழக்கம் ஒரு தலைமுறையில் போகாது” என்றார்.

டிக்கெட் கதையையும் சொன்னேன். தோல் நிறம் பற்றிய என் சந்தேகத்தையும். இல்லவே இல்லை என்று அவர் சமாதானம் சொல்லவில்லை. “என் தங்கை மகனும் மாட்டியிருக்கிறான். ஆனால் உங்களை நிறுத்தியவர் மனதில் என்ன இருந்தது என்று நான் எப்படிச் சொல்வது?” என்றார். ஆறுதலைவிட அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. குறிப்பேட்டில் எழுதிய வரியை அன்று அடித்துவிட்டேன்.

செக் மொழியில் ஏழு வேற்றுமைகள் என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். விளி வேற்றுமை அங்கே ஐந்தாவது, நமக்கு எட்டாவது. முருகன் ‘முருகா’ ஆவதுபோல, யானா என்ற பெண்ணை ‘யானோ’ என்று கூப்பிடுகிறார்கள். நீ, நீங்கள் என்ற பேதமும் உண்டு: ‘தி’, ‘வி’. அறிமுகம் இல்லாதவரிடம் ‘வி’தான். ‘தி’க்கு மாறலாம் என்று மூத்தவர்தான் முதலில் சொல்ல வேண்டும், இளையவர் தாமாக மாறினால் அது அத்துமீறல்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய மாலை விடைபெறப் போனேன். செருப்பை மாட்டிக்கொள்ளும்போது அம்மையார் கைநீட்டி, இனி நாம் ‘தி’ என்றே பேசிக்கொள்ளலாம் என்றார். அதுவரை பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். அதில் நீயும் நீங்களும் ஒன்றுதான். செக்கில் எனக்குப் பத்து வார்த்தைக்கு மேல் தெரியாது. அந்தச் சொல்லைப் பயன்படுத்த ஒரு வாக்கியம்கூட என்னிடம் இல்லை. ‘நோ’ என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.