சுவிட்ச் பேனலும் அதன் பின்புறமும்

கம்பெனியிலிருந்து வரும் வண்டியின் டேஷ்போர்டில், கம்பெனி பொருத்திய கருவிகளுக்கு மட்டுமே சுவிட்சுகள் இருக்கும். பின்னர் சேர்க்கும் பனி விளக்கு, கேபின் மின்விசிறி, லோடு விளக்கு, ஒலிபெருக்கி ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்ச் தேவை. அவற்றை ஒரே பலகையில் அடுக்கி ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்துவதே சுவிட்ச் பேனல் வேலை. செய்பவர்கள் ஆட்டோ எலெக்ட்ரீசியன்கள்.

திருப்பூரில் இந்த வேலைக்குத் தேவை பின்னலாடைத் தொழிலிலிருந்தே பிறக்கிறது. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல் எல்லாம் பெரும்பாலும் வெவ்வேறு இடங்களில் நடப்பதால், துணி ரோல்கள் ஒரு யூனிட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. 2005-இல் வந்த டாடா ஏஸ், மக்கள் வாயில் 'குட்டி யானை', இந்த ஓட்டத்துக்கு ஏற்ற வண்டி. இரவில் ரோல் ஏற்றும்போது அதன் சீட்டிலுள்ள லாட் எண்ணைப் படிக்கப் பின்கூண்டில் ஒரு விளக்கு வேண்டும். பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிவரும் கம்பெனி வேன்களில் உள்விளக்கும் பாட்டும் வேண்டும். சொந்தக் கார்களை மாற்றியமைக்கும் இளைஞர்கள் அடுத்த வாடிக்கையாளர்கள்.

பட்டறையில் முதலில் நடப்பது கணக்கு. 55 வாட் விளக்கு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9 ஆம்பியர். இவ்வளவு மின்னோட்டத்தைச் சிறிய சுவிட்ச் வழியே நேரடியாகச் செலுத்தினால் அதன் முனைகள் சூடேறிக் கருகும். அதனால் இடையில் ரிலே வைக்கப்படுகிறது. அதன் 85, 86 முனைகளில் உள்ள சுருளுக்கு மிகக் குறைந்த மின்னோட்டமே போதும். சுவிட்ச் இயக்குவது அதை மட்டுமே. பேட்டரியிலிருந்து 30-ஆம் முனைக்கு வரும் மின்சாரம், சுருள் இழுத்ததும் 87-ஆம் முனை வழியே விளக்குக்குப் போகிறது.

ஒவ்வொரு லைனுக்கும் ஒரு ஃபியூஸ் உண்டு. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை என்று பிளேடு ஃபியூஸின் நிறமே அளவைச் சொல்லும். ஃபியூஸ் காப்பது வயரைத்தான். வயர் தாங்கும் அளவுக்கு மேற்பட்ட ஃபியூஸைப் போட்டால் முதலில் எரிவது வயராக இருக்கும். ஃபியூஸைப் பேட்டரிக்கு அருகிலேயே வைப்பதற்கும் இதுவே காரணம்: ஃபியூஸுக்கு முந்தைய வயர் உரசிப் பாடியைத் தொட்டால் தடுக்க எதுவும் இல்லை.

அடுத்தது இடம். கியர் போடும் கை தட்டக் கூடாது. முழங்கால் இடிக்கக் கூடாது. பார்வையைச் சாலையிலிருந்து எடுக்காமல் விரல் எட்ட வேண்டும். ஏர்பேக் விரியும் பகுதியில் எதையும் பொருத்தவே கூடாது. விபத்தின்போது பேனல் பெயர்ந்து பயணியின் முகத்தில் மோதும். ஆகவே டேஷ்போர்டின் கீழ்விளிம்போ கியருக்கு முன்னுள்ள காலியிடமோதான் பெரும்பாலும் தேர்வாகிறது.

பலகைக்கு 3 மில்லிமீட்டர் ஏ.சி.பி. (அலுமினியக் கூட்டுத் தகடு) ஷீட், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், அக்ரிலிக் ஆகியவை பயன்படுகின்றன. அட்டையில் மாதிரி வெட்டி, வண்டியில் வைத்துப் பார்த்த பிறகே ஷீட்டில் கோடு விழுகிறது. டாகிள் சுவிட்சுக்கு 12 மில்லிமீட்டர் துளை. பரவலாக வரும் ராக்கர் சுவிட்சுக்கு ஏறத்தாழ 37-க்கு 21 மில்லிமீட்டர் செவ்வகம். வெட்டு சற்றுக் குறைவாக இருந்தால் அரத்தால் ராவிச் சரிசெய்யலாம். கூடிவிட்டால் சுவிட்சின் கவ்வி பிடிக்காது, பலகை வீண். எனவே கோட்டுக்கு உள்ளே வெட்டி, ராவி ராவி அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். துணியில் கத்தரி போடும் கட்டிங் மாஸ்டரின் எச்சரிக்கை இங்கும் தெரிகிறது.

வேலையின் பெரும்பகுதி பலகைக்குப் பின்னால் இருக்கிறது. ஆட்டோ எலெக்ட்ரீசியன் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து மல்லாந்து படுத்து, டெஸ்ட் லேம்பால் லைன் தேடுகிறார். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் லைனா, எப்போதும் வரும் லைனா என்பதை அப்போதே முடிவுசெய்ய வேண்டும். தவறினால் மறந்துவிட்ட விளக்கு ஒன்று இரவோடிரவாகப் பேட்டரியை இறக்கிவிடும். எஞ்சின் அறைத் தகடு வழியே வயர் வரும் துளையில் ரப்பர் கிராமெட் போடப்படுகிறது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு அதிர்வில் தளர்ந்து சூடேறும். அதனால் உலோக முனையை வயரோடு நெரித்துப் பிணைக்கும் கிரிம்ப் செய்து, ஹீட் ஸ்லீவ் போடுவது முறை. எர்த் எடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் முடுக்குகிறார்கள். புதிய கார்களில் பல சுவிட்சுகள் கணினிப் பெட்டிக்குச் சைகை மட்டுமே அனுப்புவதால், அந்த வயர்களைக் கீறாமல் பேட்டரியிலிருந்து தனி லைன் இழுக்கிறார்கள்.

பக்கத்தில் கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத்தடம், இதே வேலையின் கடுமையான வடிவத்துக்கு உதாரணம். பந்தயக் கார்களின் பேனலில் கையுறையோடு தள்ளக்கூடிய டாகிள் சுவிட்சுகள் இருக்கும். நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறியிட்ட மெயின் கட்-ஆஃப், பெல்ட் கட்டிய ஓட்டுநருக்கும் வெளியே நிற்கும் மீட்பாளருக்கும் எட்ட வேண்டும்.

சட்டம் பேனலைவிட அது இயக்கும் பொருள்களையே அதிகம் பார்க்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளரின் அசல் விவரக்குறிப்பிலிருந்து வண்டி மாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பல சுரங்களில் அடுத்தடுத்து ஒலிக்கும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதி 119 தடைசெய்கிறது. அதற்குச் சுவிட்ச் வைத்துத் தர மறுப்பதும் நல்ல தொழிலாளியின் கடமை.

இந்தத் தொழில் பெரும்பாலும் பார்த்துப் பழகிக் கற்பது. உதவிக்கு வரும் பையன் வயர் உரிப்பதில் தொடங்கி, கிரிம்ப் அடித்து, கடைசியில்தான் லைன் தேடப் பழகுகிறான். வாடிக்கையாளர் பேரம் பேசுவது முன்னால் ஒளிரும் சுவிட்சுகளுக்கு. உயிரைக் காப்பது பின்னால் மறைந்திருக்கும் ஃபியூஸும் கிரிம்பும் எர்த்தும். கூலி இந்த மறைந்த வேலைக்கு உரியது என்பதை வண்டிக்காரர்கள் உணர வேண்டும். ஒவ்வொரு சுவிட்சையும் ஐந்து நிமிடம் ஓடவிட்டு வயரைத் தொட்டுச் சூடு பார்த்து, எந்த ஃபியூஸ் எதற்கு என்று எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டிய பிறகே வண்டியை ஒப்படைப்பது முறை. அடுத்து அதைத் திறக்கும் தொழிலாளி யாராக இருந்தாலும் அந்தச் சீட்டு வழிகாட்டும்.