மின்சாரக் கணக்கும் எங்கள் ஊரும்

மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. அதன் வேலைதான் தெரியும். அந்த வேலையை எண்ணால் அளக்கவும் முடியும் என்பதை இவ்வாண்டு இயற்பியல் வகுப்பில் கற்றோம். சுவாமிமலையிலிருந்தும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் வரும் எங்களுக்கு அது தேர்வுக்கான பாடமாக மட்டும் நின்றுவிடவில்லை.

காவிரிக் கரைப் பிள்ளைகளுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமா என்ன? வாய்க்காலில் நீர் பாய மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உயர வேறுபாடு வேண்டும். அதைப் போன்றது மின்னழுத்தம். பாய்கிற நீரின் அளவைப் போன்றது மின்னோட்டம். கோரையும் ஆகாயத்தாமரையும் அடைத்து நீரை மறிப்பதைப் போன்றது மின்தடை. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். முன்னதன் அலகு ஓம். பின்னதன் அலகு வாட்.

இவ்விதியைக் கண்டவர் ஜெர்மனியின் ஜார்ஜ் சைமன் ஓம். பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். கொலோன் நகரில், முன்பு இயேசு சபையார் நடத்திவந்த பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, அங்கிருந்த கருவிகளைக் கொண்டே சோதனைகள் செய்தார். 1827இல் அவர் வெளியிட்ட நூலுக்குச் சொந்த நாட்டில் வரவேற்பில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் அளித்துப் பெருமைப்படுத்தியது. எங்கள் ஊரில் ஐம்பொன் சிலை வார்க்கும் ஸ்தபதிகள், மெழுகு உருவை எடை போட்டு, தேவையான உலோகத்தை முன்னதாகவே கணக்கிட்ட பிறகே உருக்குகிறார்கள். பட்டறையில் பிறந்த பிள்ளைக்குக் கணக்கு அந்நியமல்ல என்பதற்கு ஓம் ஒரு சான்று.

"வீட்டில் உள்ள கருவிகளின் பெயர்ப்பலகையைப் படித்து எழுதி வாருங்கள்" என்று சிஸ்டர் சொன்னார்கள். ஒருத்தி இஸ்திரிப் பெட்டியின் விவரம் கொண்டு வந்தாள்: 230 வோல்ட், 1000 வாட். 1000ஐ 230ஆல் வகுத்தோம். ஓட்டம் ஏறத்தாழ 4.35 ஆம்பியர். 230ஐ 4.35ஆல் வகுத்தோம்; தடை ஏறத்தாழ 53 ஓம். மாலையில் மின்னழுத்தம் 180 வோல்ட்டாக இறங்கினால்? ஓட்டம் 3.4 ஆம்பியர்; திறன் 612 வாட் மட்டுமே. சட்டையின் சுருக்கம் போகாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது!

அப்போது இன்னொருத்தி கேட்டாள்: "சிஸ்டர், அழுத்தம் குறைந்தால் சூடு குறைய வேண்டும். எங்கள் வயல் மோட்டார் மட்டும் ஏன் எரிந்தது?"

வகுப்பு அமைதியாயிற்று. அவள் வீட்டுக் கதை எங்களுக்குத் தெரியும். சம்பா நாற்று நடவுக்குக் காத்திருந்த நேரத்தில் மோட்டாரின் காயில் கருகிப் போனது. அதைக் கட்டித் தருவதற்குள் ஒரு வாரம் கடந்தது. அவள் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

சிஸ்டர் விளக்கினார்கள். இஸ்திரிப் பெட்டி வெறும் தடை. மோட்டாரோ சுமையை இழுக்கிறது. தண்ணீரின் சுமை குறையாததால், அழுத்தம் குறையும்போது அது கூடுதல் ஓட்டத்தை இழுத்துக்கொள்கிறது. அவள் மோட்டாருக்கு 415 வோல்ட்டில் 8 ஆம்பியர். அழுத்தம் 332ஆகக் குறைந்தால் ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். காயிலில் உண்டாகும் சூடு ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எட்டின் வர்க்கம் 64. பத்தின் வர்க்கம் 100. அதாவது சூடு ஒன்றரை மடங்குக்கும் மேல்! காயில் கருகாமல் என்ன செய்யும்?

அன்று மாலை அவள் மோட்டார் கொட்டகைக்குப் போனாள். "அப்பா, வோல்ட்மீட்டர் முள் ஏறட்டும். அப்புறம் ஸ்டார்ட்டரை அழுத்துங்கப்பா" என்றாள். அவர் மகளை ஒரு நிமிடம் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார். ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேயைப் பெயர்ப்பலகையில் கண்ட ஆம்பியருக்கு மேல் திருப்பக் கூடாது என்பதையும் அவளே சொல்லிக் கொடுத்தாள். இப்போது அக்கம்பக்கத்து வயல்காரர்களும் அவளிடம் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. உலர்ந்த உடம்பின் தடை ஒரு லட்சம் ஓம் வரை இருக்கலாம். 230 வோல்ட் பட்டால் பாய்வது 2.3 மில்லி ஆம்பியர், சுரீரென்று உதறும். ஈரமான உடம்பின் தடையோ 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது பாய்வது 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் பாதியே போதும். சேற்றுக் காலோடும் ஈரக் கையோடும் மோட்டார் கொட்டகைக்குள் நுழைகிற ஊர் நம் ஊர். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி கடைகளில் கிடைக்கிறது. வீட்டில் அதைப் பொருத்தும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

அன்புத் தங்கைகளே! வகுத்தலும் பெருக்கலும் தெரிந்த எவரும் இக்கணக்குகளைப் போடலாம். இன்றே உங்கள் வீட்டுப் பெயர்ப்பலகைகளைப் படியுங்கள். சுவிட்சைத் தொடுமுன் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் தம்பிக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள்.