புகையும் புள்ளிவிபரமும்

ஒளித்தொகுப்புக்கு ஒளி தேவையா என்று ஆய்வுகூடத்தில் பார்த்துவிடலாம். இரண்டு நாட்கள் இருட்டில் வைத்த செடியின் இலையொன்றில் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடி வெயிலில் வைக்கிறோம். பின்னர் இலையின் பச்சையத்தை நீக்கி அயடீன் இட்டால், மூடாத பகுதி மட்டும் கருநீலமாகிறது. அதே செடி, அதே இலை. வேறுபட்டது ஒளி மட்டுந்தான்.

மனிதரில் இப்படிச் செய்ய முடியுமா? நூறு பேரைப் பிடித்து, இருபது வருடம் புகையுங்கள் என்று சொல்ல எந்த விஞ்ஞானிக்கும் உரிமையில்லை.

அதனால் பிரித்தானியாவில் ரிச்சட் டோல், பிரட்போர்ட் ஹில் இருவரும் வேறு வழியில் போனார்கள். 1950இல் வெளிவந்த அவர்களது ஆய்வில் சுவாசப்பைப் புற்றுநோயுள்ள 649 ஆண்களும், வேறு நோய்களுக்காக வைத்தியசாலையிலிருந்த 649 ஆண்களும் விசாரிக்கப்பட்டார்கள். முதற் குழுவில் புகைக்காதவர்கள் 2 பேர். மற்றதில் 27 பேர்.

வாப்பாவிடம் இதைச் சொன்னேன். "உங்கட மூத்தாப்பா எண்பத்திரண்டு வயசு வரைக்கும் சுருட்டுக் குடிச்சாரே மகள்" என்றார். உம்மா சிரித்துவிட்டார். மூத்தாப்பாவின் கதை உண்மைதான். ஆனால் அது ஒருவருடைய கதை.

வாப்பாவை விடப் பெரிய ஆளும் மறுத்திருக்கிறார். பரிசோதனைகளைத் திட்டமிடுவதைப் பற்றிப் புத்தகமே எழுதிய ரொனால்ட் ஃபிஷர் அவர். இரண்டு விடயங்கள் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. புகைக்கும் ஆசைக்கும் புற்றுநோய்க்கும் ஒரே பரம்பரையலகு காரணமாக இருக்கலாமே என்றார். (அவரும் பைப் புகைத்தவர்!) யார் கேட்டாலும் கேள்வி நியாயமானது.

பரம்பரைதான் காரணமென்றால் புகைத்தலை விட்டாலும் ஆபத்து குறையக் கூடாதல்லவா? டோலும் ஹில்லும் 1951இல் பிரித்தானிய வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதித் தொடங்கிய ஆய்வு 50 வருடங்கள் நடந்தது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சிலர் புகைத்தார்கள், சிலர் இடையில் விட்டார்கள். தொடர்ந்து புகைத்தவர்கள், புகைக்காதவர்களை விடச் சராசரியாக 10 வருடங்கள் முந்தி மரணித்தார்கள். 40 வயதில் விட்டவர்களுக்கு அதில் ஏறத்தாழ 9 வருடங்கள் திரும்பக் கிடைத்தன. 50இல் விட்டவர்களுக்கு 6.

வாப்பாவுக்கு இப்போது 49. இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர் மூத்தாப்பாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "அறுபதில விட்டா?" என்று மட்டும் கேட்டார்.

"மூணு" என்றேன்.