ஒரு சாண் இடைவெளி

எங்கள் வீட்டில் மின்சாரத்தில் ஓடும் எந்தப் பொருளும் வெற்றுடம்போடு இருக்கக் கூடாது. மிக்ஸிக்கு உறை உண்டு. ஃபிரிட்ஜின் தலையில் குரோஷா விரிப்பு உண்டு. ஸ்டெபிலைசர் மேல்கூட அம்மா ஒரு துண்டுத் துணி விரித்திருந்தாள். ஆகவே டிவிக்குப் பக்கத்தில் நான் ஒரு கறுப்பு அலுமினியப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் அதன்மேலும் பூப்போட்ட துணி ஒன்று ஏறியது. எடுத்தேன். மறுபடி ஏறியது.

"தூசி அடையும்லா, எய்யா" என்றாள்.

அந்தப் பெட்டி ஒரு கணினி. நோட்டுப் புத்தக அகலம், நாலு விரல் உயரம். வீட்டில் சேர்த்து வைத்த படங்களையும் பாட்டுகளையும் டிவியில் காட்டுவதற்கென்றே வாங்கியது. கோடி என்ற இலவச மென்பொருள் அதில் ஓடுகிறது. 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகப் பிறந்து, 2014-இல் இந்தப் பெயருக்கு மாறிய மென்பொருள். பெட்டியில் விசிறி கிடையாது. சிப்பின் முதுகிலிருந்து சூடு நேராகப் பெட்டியின் உலோகத்துக்கு வந்து, மேலே வரிவரியாக நிற்கும் தகடுகள் வழியாகக் காற்றில் கலக்க வேண்டும். துணி போர்த்தினால் அதன் ஒரே வாசலையும் சாத்தியதாக ஆகிவிடும்.

விசிறியில்லாத கணினியை வெளிநாடுகளில் நிசப்தத்துக்காக வாங்குகிறார்கள். படத்தில் யாரோ தணிந்த குரலில் பேசும்போது பின்னால் ஒரு குட்டி விசிறி இரையக் கூடாது என்பது அவர்களுடைய கவலை. பாளையங்கோட்டையில் மே மாதம் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் கடகடக்கும் கூடத்தில் அந்த இரைச்சல் யார் காதில் விழப்போகிறது? எனக்குக் காரணம் வேறு. குட்டி விசிறி தூசியை உறிஞ்சி உள்ளே இழுக்கும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு மிச்ச வேகத்தோடு எங்கள் ஜன்னலுக்கும் மண்ணைக் கொண்டுவரும். அந்த மண்ணில் விசிறியின் பேரிங் தேய்ந்து, கரகரத்து, ஒருநாள் நின்றுவிடும். இல்லாத விசிறி நிற்க முடியாதல்லவா.

மாமா இருந்திருந்தால் இந்தப் பெட்டியைப் பார்த்ததும் முதலில் விரலின் பின்புறத்தை வைத்துப் பார்த்திருப்பார். அவர் ரேடியோ மெக்கானிக். மார்க்கெட் பக்கம் ஒடுங்கலான ஒரு கடை. ஈயப்பற்று வாசமும் பீடி வாசமும் கலந்து கிடக்கும். நான் பார்த்த காலத்தில் வால்வு ரேடியோக்கள் ரிப்பேருக்கு வருவது அருகிவிட்டது. வந்தால் மாமாவுக்குத் திருவிழா. பின்பக்க அட்டையைக் கழற்றினால் கண்ணாடிக் குழல்களுக்குள் இழை செக்கச்சிவந்து நிற்கும். அந்த அட்டை முழுக்க வட்ட வட்டமாகத் துளைகள். வாடிக்கையாளரிடம் செட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது காசு வாங்குவதற்கு முன் ஒரு வாசகம் சொல்லுவார்: "சுவத்துக்கும் செட்டுக்கும் ஒரு சாண் விட்டு வைங்க. சூட்டுக்குப் போவ வழி வேணும்லா."

டிவி வந்த பிறகும் அதே வாசகம்தான். தென்கோடியில் இருந்தவர்களுக்குத் தூர்தர்ஷனைவிட, 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினிதான் தெளிவாகக் கிடைத்தது. அதைப் பிடிக்கத் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டினார்கள். டிவியை ஷட்டர் வைத்த மரப்பெட்டிக்குள் வைத்தார்கள். படத்தின் நடுவே செய்தி வந்தால் "செட்டு சூடாயிட்டு, கொஞ்சம் ஆறட்டும்" என்று அணைத்துவிடும் பெரியவர் தெருவுக்கு ஒருவராவது இருந்தார். சின்னப் பிள்ளைகள் நாங்கள் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தோம். மாமா அந்தப் பெரியவர்கள் பக்கம். பூட்டி வைத்த மரப்பெட்டிக்குள் ஓடும் செட்டு அடிக்கடி தன் கடைக்கு வருவதை அவர் கண்டிருந்தார்.

ஸ்டெபிலைசர், ஆம்ப்ளிஃபயர்களில் 2என்3055 என்று ஒரு பவர் டிரான்சிஸ்டர் இருக்கும். தட்டையான உலோக மூடி, இரண்டு பக்கமும் திருகுக்குத் துளை. அதைச் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்க் தகட்டில் பொருத்தும்போது நடுவில் மெல்லிய மைக்கா ஏடு வைத்து, இருபக்கமும் வெள்ளைப் பசையைத் தடவி, மிகுந்ததை பிளேடால் வழித்தெடுப்பார்.

"ரெண்டு தகடும் ஒட்டித்தானே இருக்கு, எதுக்கு மாமா பசை?"

"ஒட்டின மாரி நமக்குத் தெரியும் மருமவனே. ரெண்டுக்கும் நடுவுல காத்து ஒளிஞ்சிருக்கும்."

அவர் சொன்னதன் அளவு எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அசையாத காற்று ஏறத்தாழ ஒன்பதாயிரம் மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. வழவழப்பாகத் தெரியும் உலோகப் பரப்பிலும் மேடு பள்ளம் உண்டு. பசையின் வேலை அந்தப் பள்ளத்துக் காற்றை வெளியேற்றுவது மட்டும்தான். பசையும் உலோகத்துக்கு ஈடாகாது. அதனால்தான் வழித்தெடுத்தார்.

விசிறியில்லாத பெட்டிகளில் இன்றைக்கும் சண்டை அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் நடக்கிறது. மலிவான பெட்டிகளில் சிப்புக்கும் மேல்மூடிக்கும் நடுவே ஒரு சிறு சந்து இருக்கும். தயாரிப்பாளர் அதில் மெத்தென்ற ரப்பர் போன்ற ஒரு பட்டையை வைத்து முடித்துவிடுவார். அந்தப் பட்டையை எடுத்துவிட்டு, சந்தின் கனத்துக்குச் சரியாக வெட்டிய செப்புத் தகட்டைக் கொஞ்சம் பசையோடு வைத்தால் சிப்பின் சூடு கண்கூடாக இறங்கும். செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்தும். என் பெட்டியிலும் அப்படித்தான் செய்தேன். பிளேடால் பசையை வழிக்கும்போது கை தானாகவே மாமாவின் கையைப் போல் சாய்ந்தது.

ஆனால் சிப்பிலிருந்து மூடிக்குச் சூட்டைக் கொண்டுவருவது பாதி வேலை. மூடியிலிருந்து அது காற்றுக்குப் போக வேண்டும். இருபது சென்டிமீட்டர் நீள அகலமும் ஐந்து சென்டிமீட்டர் உயரமும் உள்ள பெட்டிக்கு மொத்தப் பரப்பு 0.12 சதுர மீட்டர். விசிறி இல்லாமல், சும்மா எழும் காற்றாலும் கதிர்வீச்சாலும், ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் தோராயமாக 10 வாட் சூட்டை வெளியேற்றும். ஆகவே 10 வாட் தின்னும் பெட்டி அறையைவிட எட்டு டிகிரி கூடுதலாக இருந்தால் போதும், கணக்கு நேராகிவிடும். 25 வாட் தின்றால் இருபது டிகிரிக்கு மேல் வேண்டும். அறை 38 டிகிரி என்றால் பெட்டியின் தோல் 60-ஐத் தொடும். மாமாவின் சோதனையில் அது தேறாது; மூன்று எண்ணும் வரை விரல் நிற்க வேண்டும் என்பார்.

அறை என்று இங்கே சொன்னது கூடத்தை அல்ல, பெட்டியைச் சுற்றியுள்ள காற்றை. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள், குத்துவிளக்குக்கும் கொலு பொம்மைக்கும் இடையில் வைத்தால் அந்த ஷோகேஸ்தான் அதற்கு அறை. டிடிஎச் பெட்டியின் மேல் வைத்தால் இன்னும் மோசம். டிவியை அணைத்தாலும் அது கீழிருந்து கணப்பு போட்டுக்கொண்டே இருக்கும். டிவியின் முதுகில் மாட்டுகிறவர்கள் மேல்பாதியில் மாட்டிவிடுகிறார்கள். டிவியின் சூடெல்லாம் எழுந்து வந்து சேரும் இடம் அது. கீழ் ஓரத்தில் மாட்டினால் தப்பிக்கும். ஒரு சாண் என்று மாமா சொன்னது எல்லாப் பக்கத்துக்கும் சேர்த்துத்தான்.

கணினிக்கு விசிறி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர்களில் ஸ்டீவ் ஜாப்ஸும் ஒருவர். 1980-இல் வந்த ஆப்பிள் 3-இல் விசிறி இல்லை. வார்ப்பு அலுமினிய அடிப்பாகமே சூட்டை வெளியேற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. அது போதவில்லை. சிப்புகள் சாக்கெட்டிலிருந்து நெகிழ்ந்தன. கணினியைச் சில அங்குலம் தூக்கித் தொப்பென்று போடுங்கள், சரியாகிவிடும் என்று வாடிக்கையாளருக்கு யோசனை சொன்னதாகக் கதை உண்டு. ஓடாத டிரான்சிஸ்டர் ரேடியோவின் தலையில் தட்டும் எங்கள் ஊர் வைத்தியம் அமெரிக்கா வரை போயிருக்கிறது என்று எனக்குச் சந்தோஷம். இருபது ஆண்டு கழித்து, 2000-இல் அதே ஜாப்ஸ் கியூப் என்ற கணினியைக் கொண்டுவந்தபோது பாடம் ஏறியிருந்தது. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெற்றுக் கூடு. அடியில் காற்று நுழையும், சூடேறி மேல்வாயில் வெளியேறும். அடுப்படிப் புகைபோக்கியின் தத்துவம்தான்.

அதைப் பார்த்த பிறகுதான் என் பெட்டியைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிமிர்த்தி வைத்தேன். படுத்திருக்கும் பெட்டியின் தகடுகளுக்கிடையே காற்று தயங்கி நிற்கும். நிமிர்ந்து, தகடுகளின் வரி செங்குத்தாக ஓடினால் காற்று தானே ஏறிப் போகும். கூடவே ஒரு லாபம்: செங்குத்தாக நிற்கும் பொருளின் மேல் துணி நிற்காது.

விலை கூடிய பெட்டிகளில் சிப்பிலிருந்து பக்கச் சுவர் வரை வளைந்து போகும் செப்புக் குழாய்களைப் பார்க்கலாம். பார்த்தால் வெறும் கம்பி போலிருக்கும். உள்ளே வெற்றிடமும் சொட்டுத் தண்ணீரும். 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதை உருவாக்கினார். இட்லிக் குண்டானில் ஆவி எழுந்து மூடியில் பட்டுத் துளியாகி வழியுமே, குழாய்க்குள் நடப்பது அதுதான். சூடான முனையில் தண்ணீர் ஆவியாகும், குளிர்ந்த முனையில் சூட்டைக் கொட்டிவிட்டுத் தண்ணீராகும், உட்சுவரின் திரி வழியாகத் திரும்பி வரும். அழுத்தம் குறைவு என்பதால் நூறு டிகிரிக்குக் காத்திருக்காமல் வெகு முன்பே கொதிக்கும்.

சித்தப்பா மகள் கல்யாண வீடியோ வந்தபோது வீட்டில் இருந்தது பழைய பெட்டி. 2013-இல் வந்த செலரான் ஜே1900 சிப், 10 வாட். அதில் விசிடி காலத்துப் படங்களும் டிவிடியும் ப்ளூரேயும் அலுங்காமல் ஓடின. கல்யாண வீடியோ மட்டும் மாப்பிள்ளை அழைப்பிலேயே திணற ஆரம்பித்தது. ட்ரோனில் பிடித்த 4கே காட்சி, எச்இவிசி முறையில் சுருக்கியது. அந்த முறையை அவிழ்க்கத் தனிச் சுற்று அந்தச் சிப்பில் இல்லை. பொதுவான கோர்களே உயிரைக் கொடுத்து அவிழ்க்க வேண்டும். சூடு ஏறியதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். படம் விட்டுவிட்டு வரும். தாலி கட்டும் இடத்தில் மேளம் மட்டும் கேட்டது.

இப்போதுள்ள பெட்டியில் 2023-இல் வந்த இன்டெல் என்100. பெயரளவில் 6 வாட். எச்இவிசி, விபி9, ஏவி1 மூன்றையும் அவிழ்க்கத் தனிச் சுற்றுகள் உண்டு. அதே கல்யாணத்தைக் கோர்கள் கிட்டத்தட்டச் சும்மா இருக்கும்போதே காட்டிவிடுகிறது. இருந்தாலும் இந்த மாதிரிப் பெட்டிகளைச் செய்பவர்கள் வேகம் காட்டுவதற்காக பயாஸில் மின்வரம்பை 6-க்கு மேல் ஏற்றி விட்டிருப்பதுண்டு. அதைத் திரும்ப 6-க்கு இறக்கினால் படம் பார்ப்பதில் ஒரு குறையும் தெரியாது. சூட்டைத் துரத்த ஆயிரம் வழி தேடுவதைவிட, சூடே பிறக்காமல் பார்ப்பது எளிது.

சிப் பொசுங்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது நூறு டிகிரி வரை தாங்கும். மிகவும் தாண்டினால் தானே அணைந்துகொள்ளும். முதலில் போவது மாமா "கண்டென்சர் உப்பிட்டு" என்று சொல்லி எடுத்துப் போடும் சமாச்சாரம். அதற்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுக்காரர்களின் பழைய கணக்கு. பெட்டியைவிட அதன் அடாப்டருக்குள் அந்த ஆபத்து அதிகம். டிவி ஸ்டாண்டின் பின்னால் ஒயர்ச் சிக்கலுக்குள் மூச்சுமுட்டக் கிடக்கும் அதைத் தொட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாது.

இவ்வளவுக்குப் பிறகும் இரவு ஒன்பது மணிக்குத் திரையில் தெரியும் சிப்பின் வெப்ப எண் மதியத்தைவிடக் கூடுதலாகவே இருந்தது. வெயில் இறங்கி நேரமாகிறது, பெட்டிக்கு ஏன் ஏறுகிறது? எங்களுடையது மேல்தள வீடு. பகல் முழுக்க வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் அதைக் கீழே இறக்குவதற்குள் இரவாகிவிடும். குடும்பம் படம் பார்க்க உட்காரும் நேரமும் அதுதான். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்க ஏற்பாடு செய்தேன். வெயிலில் பெரும்பகுதியை வெள்ளை அப்படியே வானத்துக்குத் திருப்பி அனுப்பிவிடும்.

அம்மா வாளியைப் பார்த்தாள். "அந்தப் பொட்டிக்கு வேக்குன்னு மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க. இத்தனை வருசமா நாங்க இதுக்குள்ளதானல வெந்துகிட்டுக் கெடக்கோம்?"

எண் இறங்கியது. கூடமும் இறங்கியது. பெட்டிக்கும் அறைக்கும் நடுவே வேறு எதுவும் குறுக்கிடாததால் அறை ஒரு டிகிரி ஏறினால் பெட்டியும் ஒரு டிகிரி ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. அம்மா இப்போது சாயங்காலமானால் "உன் பொட்டி இன்னைக்கு எவ்வளவு சொல்லுது?" என்று கேட்கிறாள். எண் கூடுதலென்றால் பாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள். உள்ளே ஒரு விசிறி இருந்திருந்தால் அது இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றி, எண்ணை அடக்கி, வீடு வேகிற செய்தியை எங்களிடமிருந்து மறைத்திருக்கும். அடுத்த பெட்டி வாங்கும்போதும் விசிறி இல்லாததாகவே பார்த்து வாங்கலாம் என்றிருக்கிறேன்.