எடுத்து வைக்காதீர்கள்!

உங்கள் வீட்டில் படம் வரைகிறவர், கதை எழுதுகிறவர், பொம்மை செய்கிறவர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால், சாப்பாட்டு நேரத்தில் அவர்களிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். ‘முதல்ல இதையெல்லாம் எடுத்து வை!’

சென்னையில் எனக்கு ஒரு சிநேகிதி. பள்ளி ஆசிரியை. அற்புதமாக வரைவாள். சாப்பாட்டு மேஜைதான் அவளுக்கு ஸ்டுடியோ. ராத்திரி எட்டு மணிக்கு அதே மேஜைக்குத் தோசை வந்துவிடும். அதற்குள் பிரஷ் கழுவி, பெயின்ட் டப்பாக்களை மூடி, ஈரம் காயாத படத்தைப் பீரோ மேல் ஏற்றியாக வேண்டும். ‘வரையறதைவிட, பரப்பறதுக்கும் சுருட்டறதுக்கும்தான் நேரம் போகுது’ என்பாள். மூன்று வருஷமாக ஒரே படம் பாதியில் நிற்கிறது.

கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலைக்குப் போகிற வழியில், கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது அவள் ஞாபகம் வந்தது. மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். 2021-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. நான் எட்டிப் பார்த்த பட்டறை, வீட்டு வாசலில் இறக்கிய ஒரு தகரக் கொட்டகை. நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை.

பெரியவர் ஒருவர் தரையில் உட்கார்ந்து, கட்டையைக் காலால் அணைத்துக்கொண்டு பிள்ளையார் செதுக்கிக்கொண்டிருந்தார். தும்பிக்கை வந்துவிட்டது. முகம் இன்னும் மரத்துக்குள்ளேயே இருந்தது. வலது பக்கம் வரிசையாக உளிகள். அகலமானது, ஒடுக்கமானது, நுனி வளைந்தது. கண் கட்டையிலேயே இருக்க, கை மட்டும் போய் வேண்டிய உளியை எடுத்தது. திரும்ப அதே இடத்தில் வைத்தது.

தினமும் காலையில் முதல் வேலை உளி தீட்டுவதுதானாம். ‘உளி தீட்டுறப்பவே மனசும் வேலையில வந்து உக்காந்துரும் சார்’ என்றார்.

‘ராத்திரி இதெல்லாம் எங்க எடுத்து வைப்பீங்கய்யா?’ என்று கேட்டேன்.

வேடிக்கையாகப் பார்த்தார். ‘எதுக்கு சார் எடுக்கணும்? சாக்கு போட்டு மூடிட்டுப் போவேன். காலையில சாக்கை எடுத்தா, நேத்து விட்ட இடம் என்னையே பாத்துக்கிட்டு இருக்கும்.’

அந்த நேரம் பேத்தி ஓடி வந்தாள். மரச்சீவல் சிதறிக் கிடந்த இடத்தின் ஓரத்தில் சட்டென்று நின்றுவிட்டாள். கோடு எதுவும் கிழிக்கவில்லை. அந்தச் சீவல்தான் வேலி. உள்ளே தாத்தா வேலை செய்கிறார் என்பது குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது.

சோறு போடுகிற வேலைக்கு இந்த மரியாதை தானாகக் கிடைத்துவிடுகிறது. காசு வராத கலைக்கு யார் தருவார்கள்?

1966-ல் ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கரோடு சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பித்தவர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஓவியத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத காலம் அது. பத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். அதாவது, கையால் சம்பாதித்து, கைக்கே ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார்கள்.

எல்லோருக்கும் அது வாய்க்காது. கவிஞர் சல்மா, வீட்டாருக்குத் தெரியாமல் கழிவறைக்குள் ஒளிந்துகொண்டு கவிதை எழுதியதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்படியும் கவிதை வரும்தான். ஆனால் அப்படித்தான் வர வேண்டும் என்று எந்த வீடும் விதி வைக்கக் கூடாது, இல்லையா?

தனி அறை கட்டச் சொல்லவில்லை. ஓடாத சைக்கிளுக்கு நம் வீட்டில் இடம் இருக்கிறது. பழைய பேப்பர் கட்டுக்கு இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை இறக்குகிற சூட்கேஸுக்குக்கூட இருக்கிறது. ஜன்னலோரமாக மூன்றடி ஒதுக்கக் கூடாதா? பாதியில் நிற்கிற வேலை, பாதியிலேயே அங்கே இருக்கட்டும். பார்க்க நன்றாக இல்லை என்றால் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடிவிடலாம்.

அப்புறம் சாப்பிடக் கூப்பிடுங்கள். ‘வா, தோசை ஆறுது’ என்று மட்டும்.